வெளுத்துப்போன நம்பர் பிளேட்

தை அமாவாசையன்று மத்தியானம், ஊரிலுள்ள லாரிகளுக்கெல்லாம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால் பூசணிக்காய் உடைத்து, உடைந்த துண்டுகள் குங்குமத்தோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், என் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு மாதமாகக் கிடந்த வீடியோவில், அதுவரை வெறும் வெள்ளையாக இருந்த லாரி நம்பர் பிளேட்டின் இடது ஓரத்தில் டி என்ற ஆங்கில எழுத்து வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அது அங்கே இல்லை. பாவாயிதான் முதலில் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, இது வந்திருச்சாட்ட இருக்குதுங்களே" என்றாள், காத்திருந்த பஸ் திருப்பத்தில் தெரிந்ததைச் சொல்வதுபோல.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வந்துதான் இருந்தது.

வேலாங்காடு லாரிகளின் ஊர். ஒரு தெருவில் பாடி கட்டுவார்கள், அடுத்த தெருவில் பெயிண்ட் அடிப்பார்கள், அதற்கடுத்ததில் தார்ப்பாய் தைப்பார்கள், நான்காவது தெரு நேராகப் பைபாஸில் போய் ஏறிவிடும். அந்த ஏற்றத்தில் என் கடை. கார்களுக்கு சீட் கவர், ஹாரன், முன்கண்ணாடியில் ஒட்டும் கேமரா எல்லாம் விற்கிறேன். "ராத்திரியிலயும் நம்பர் பளிச்சுன்னு தெரியுமுங்க" என்று சொல்லித்தான் கேமராவை விற்பேன். பெட்டியின் மேலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, அதை நான் வாசித்துக் காட்டுகிறேன், அவ்வளவுதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் நம்பர் தெரியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இப்போது வருகிற பிளேட்டுகள் ஹெட்லைட் பட்டால் அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிப்பவை. இருட்டுக்காகக் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கும் கேமராவில் அது விழுந்ததும் பிளேட் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துப்போகும். வெளுக்காமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைக்கலாம், குறைத்தால் நம்பர் தெரியும், ரோடு தெரியாது. கூட்டினால் ரோடு தெரியும், நம்பர் தெரியாது. எது வேண்டும் என்று வாங்குகிறவர்களிடம் நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் ரோடு தெரிகிற மாதிரியே வைத்துக் கொடுத்தேன், ஏனென்றால் கடையில் நின்று பார்க்கும்போது அதுதான் அழகாக இருந்தது.

முட்டை வியாபாரி மாரப்பனின் காரிலும் அப்படித்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். கார்த்திகை மாதம் அவர் பண்ணையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தபோது பைபாஸில் முன்னால் ஒரு லாரி நின்றிருப்பதை அந்தக் கேமரா பார்த்தது. லாரியின் பின்கதவில் பெரிதாக எழுதியிருந்த நம்பரைத் தொங்கிய தார்ப்பாய் மறைத்திருந்தது, கீழே பிளேட் மட்டும் வெளியே தெரிந்தது. பிரேக் லைட் சிவப்பாக எரிய அந்த லாரி பதினோரு விநாடி நின்றது. கதவு திறக்கவில்லை, காருக்குள் வெளிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிறகு போய்விட்டது. போன பிறகு, அதுவரை லாரி மறைத்திருந்த இடத்தில், மாரப்பனின் ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டோரமாக ஓர் ஆள் கிடந்தான். அவன் பெயர் அர்த்தனாரி, இருபத்தாறு வருடம் லாரிகளில் கிளீனராகவே இருந்து டிரைவராகாமல் ஐம்பதைத் தொட்டவன், அன்று ஒரு லோடு இறக்கிவிட்டு, ஏற்றி வந்த வண்டி பைபாஸில் விட்டுவிட்டுப் போக, வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தான். மாரப்பன் இறங்கி ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அர்த்தனாரி இறந்துபோனான்.

பாவாயி அவன் மனைவி. தார்ப்பாய்க் கடையில் தையல் வேலை. வேலை முடிந்து ஐந்தரை மணிக்குத் தினமும் என் கடைக்கு வருவாள், ஸ்டூலில் உட்காருவாள், "போடுங்கண்ணா" என்பாள். நான் போடுவேன். லாரி நிற்கும், பிளேட் வெள்ளையாக இருக்கும், பதினோரு விநாடி போகும், லாரி போகும். அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் இப்படி நடந்தது. "அந்தத் தார்ப்பாய் எங்க கடைத் தையலான்னு பாக்கறனுங்க, எல்லாத் தையலும் ஒண்ணாட்டத்தான் தெரியுது" என்று ஒரு நாள் சொன்னாள். ஸ்டேஷனில் வண்டி அடையாளம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள் என்று இன்னொரு நாள் சொன்னாள்.

"நம்பர் தெரிஞ்சா என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. அந்த ஆளு நின்னாரில்லீங்களா? நின்னவரு எதுக்குப் போனாருன்னு ஒருக்கா கேக்கோணும். நிக்காமயே போயிருந்தா நாய்னு நெனச்சுப் போயிட்டாருன்னு உட்ருவனுங்க. பதினோரு செகண்டு நின்னிருக்காரு. அந்தப் பதினோரு செகண்டு எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்திருக்காரு. அதுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும். அவரு கடைசியா யாரோட இருந்தாருன்னு ஒரு கணக்கு இருக்குதில்லீங்களா, அதுல நானு இல்ல, அந்த ஆளு இருக்காரு."

அந்தத் தை அமாவாசைக்குப் பிறகு மாசி அமாவாசையன்று டி-க்குப் பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்து வந்தது. அப்போதுதான் இது மாதத்துக்கு ஓர் எழுத்தாக வரும் என்று ஊருக்குப் புரிந்தது, புரிந்ததும் ஊர் அதற்கேற்றபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. பூசணிக்காய் உடைப்பதைப் பதினொரு மணிக்கே முடித்துவிட்டு, பன்னிரண்டுக்கெல்லாம் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். பெயிண்டர்கள் தூரிகையோடு வந்தார்கள். பாடி கட்டுகிற ஆசாரிகள் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்தார்கள். எதிர் டீக்கடை லோகு கொண்டைக்கடலை அவித்துத் தாளித்து மந்தார இலையில் கொடுத்தான். எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, எப்போது முடியும் என்றுதான் கேட்டார்கள். பத்து எழுத்து, பத்து அமாவாசை, ஐப்பசியில் முடியும் என்று யாரோ விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள்.

"தமிழ்நாட்டு வண்டின்னு சொல்றதுக்கா ரெண்டு மாசம்?" என்றான் லோகு. "எங்க கடை அடுப்பே சொல்லுமேப்பா."

"வடநாட்டு வண்டியா இருக்கும்னு சொல்லிட்டிருந்தவன் நீதானே?" என்றார் மாரப்பன்.

லோகு குனிந்து கடலையைக் கிளறினான். அவன் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ராஜஸ்தானிலிருந்தோ அரியானாவிலிருந்தோ வந்த எவனோ ஒருவன், தூக்கக் கலக்கத்தில், நம் பாஷை தெரியாதவன், இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பங்குனியில் ஒரு எண்ணும் சித்திரையில் இன்னோர் எண்ணும் வந்து சேர்ந்தபோது அது எங்கள் மாவட்டத்து வண்டி என்று தெரிந்தது. அன்று யாரும் கடலையைத் தொடவில்லை. அவரவர் இலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார்கள். எல்லா லாரியும் அதே நான்கு எழுத்தோடுதான் நின்றன.

ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வந்து பார்த்தார். அமாவாசைக்கு அமாவாசை தெளிகிற சாட்சியைக் கோர்ட்டில் எப்படிக் கொடுப்பது என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முடிந்த பிறகு மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த அமாவாசைக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார், கடலை தின்றார்.

வைகாசியிலும் ஆனியிலும் நடு எழுத்துகள் இரண்டும் வந்தன. அந்த வரிசை எழுத்தில் இல்லாத வண்டிக்காரர்கள் தப்பித்தார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் அன்று தப்பித்தார்கள், நானும் அதில் ஒருவன். என் பழைய ஆம்னி வேனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, லாரியே இல்லாதவன் நான், ஆனாலும் எழுத்து வந்தபோது வெளியே போய் என் வேனின் நம்பரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் தப்பித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். அமாவாசையன்று கூட்டத்தோடு வரவில்லை, சும்மா இருக்கிற நாட்களில், கடையில் யாரும் இல்லாத பொழுது பார்த்து, ஹாரன் விலை கேட்பதுபோல வந்தார்கள். முதலில் வந்தவர் எங்கள் ஊர் லாரிக்காரர் நல்லுசாமியின் தம்பி, தனியாகத் தீவன லாரி ஓட்டுகிறவர். "என் வண்டி நம்பர் இல்லீங்க அது" என்றார். தெரியும் என்றேன். "அதில்லீங். ஆறு வருசத்துக்கு முன்ன கரூர் தாண்டி ஒரு சத்தம் கேட்டுச்சு, மூட்டை விழுந்தாப்பல. என் வண்டியில மூட்டையே இல்ல, காலி வண்டி." அவ்வளவு சொல்லிவிட்டு ஹாரன் வாங்காமல் போனார். அடுத்த வாரம் ஸ்கூல் வேன்காரர் வந்தார். பிறகு, பதினைந்து வருடத்துக்கு முன்பே வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டுப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் வந்தார். எல்லோரும் ஒரு சத்தத்தைச் சொன்னார்கள். ஒருவருக்கு அது ஈரத்துணி அறைந்தாற்போல், ஒருவருக்குத் தேங்காய் உருண்டாற்போல், ஒருவருக்கு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாற்போல். எல்லோரும் நாய் என்று நினைத்திருந்தார்கள். எல்லோரும் அதை என் கம்ப்யூட்டரிடம்தான் சொல்வதுபோல அதைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. ராசிபுரம் போகிற ரோட்டில், என் கல்யாணத்துக்கு முன்பு, எனக்கும் ஒரு சத்தம் உண்டு. நான் நிறுத்தவில்லை. காலையில் எழுந்ததும் பம்பரை நன்றாகத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் அதில் என்ன இருந்தது என்று பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை, முதலில் துடைத்தேன், பிறகு தோன்றியது. ஏன் அப்படிச் செய்தேன் என்று முப்பது வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பதே ஒரு விதமான துடைப்பாகிவிட்டதோ என்றும் சில சமயம் சந்தேகம் வருகிறது.

பாவாயியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் ஐந்தரைக்கு வந்தாள், "போடுங்கண்ணா" என்றாள், நான் போட்டேன்.

ஆடியில் ஏழு வந்தது. ஆவணியில் பூஜ்ஜியம் வந்தது. வேலாங்காட்டில் இப்போது ரோட்டைக் கடக்கிறவர்களுக்காக லாரிகள் நின்றன. ஏழில் தொடங்குகிற லாரிகள் மட்டுமல்ல, எல்லா லாரியும் நின்றன. ஆடு கடந்தால் நின்றன, காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பை கடந்தாலும் நின்று, இறங்கிப் பார்த்துவிட்டுப் போயின. ஏழு பூஜ்ஜியம் என்று நம்பர் வைத்திருந்தவர்கள், கிழியாத தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு பாவாயி வேலை செய்கிற கடைக்கு வந்து தைக்கக் கொடுத்தார்கள். அவள் கிழிசல் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, இல்லாத இடத்தில் நான்கு தையல் போட்டுக் கொடுத்தாள்.

"உனக்கு யோகந்தான் பாவாயக்கா" என்றான் லோகு. "நீ ரோட்டுல காலை வெச்சா கலெக்டர் வந்தாப்பல எல்லா வண்டியும் நிக்குது."

"இவங்கெல்லாம் நின்னு என்னப்பா ஆவப்போவுது" என்றாள் பாவாயி. "எனக்கு வேண்டிய வண்டி நின்னு முடிஞ்சு போயிருச்சு."

புரட்டாசி அமாவாசையில் மூன்றாவது எண் வந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி, ஆகவே பத்து வண்டிகள்தான் இருக்க முடியும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற ஒருவர் விசாரித்துப் பட்டியல் தந்தார். பத்தில் ஆறு பைக், ஒன்று டிராக்டர், மூன்று லாரி. மூன்றில் ஒன்று இந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் முன்பே அசாமில் கவிழ்ந்து அங்கேயே உடைத்து விற்கப்பட்டுவிட்டது. மிச்சம் இரண்டு, இரண்டும் எங்கள் ஊர். ஒன்று நல்லுசாமியுடையது, இன்னொன்று வையாபுரியுடையது. இரண்டு பேரும் சொந்த வண்டியைத் தாங்களே ஓட்டுகிறவர்கள், முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர்கள், ஒரே தெருவில் எதிரெதிர் வீடு.

அந்த ஒரு மாதம் ஊர் இரண்டு பேரையும் தராசில் வைத்ததுபோல் நடத்தியது. ஒருவருக்கு வணக்கம் சொன்னவர்கள் ரோட்டைக் கடந்து போய் மற்றவருக்கும் சொன்னார்கள். தீபாவளிப் பலகாரம் இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவில் போயிற்று. நல்லுசாமி பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். "அன்னைக்கு எங்க இருந்தன்னு சத்தியமா நெனப்பில்லீங்க. ஊட்ல இருந்தனா, லோடுக்குப் போனனான்னு எம் பொண்டாட்டிக்கும் தெரியல. நானா இருந்தா நான்தான்னு சொல்லிப் போடுவனுங்க, நானான்னே தெரியாம எப்படிச் சொல்றது?" வையாபுரி புலம்பவில்லை. லோடு ஏற்றினார், இறக்கினார், வண்டியைக் கழுவினார். அவர் வண்டியில் கிளீனர் கிடையாது. இப்போது யாருக்குமே கிளீனர் கிடைப்பதில்லை, நான்கு வருடமாகத் தனியாகத்தான் ஓட்டுகிறார்.

ஐப்பசி அமாவாசை தீபாவளிக்கு மறுநாள் வந்தது. தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். பதினொன்றரைக்கே கடை வாசல் நிறைந்துவிட்டது. பாவாயி புதுப்புடவை உடுத்தவில்லை, ஆனால் தலைக்குக் குளித்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வீடியோவைத் திறக்கக் கையை வைத்தபோது பைபாஸ் பக்கமிருந்து ஒரு லாரி இறங்கி வந்து கடைக்கு எதிரே நின்றது. வையாபுரி இறங்கினார். கூட்டம் அவருக்கு வழி விட்டது, நல்லுசாமி உட்பட.

"அதைப் போட வேண்டாங்க" என்றார் என்னிடம். பிறகு பாவாயியைப் பார்த்து, "நான்தான் அம்மிணி" என்றார்.

நல்லுசாமி அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை.

பாவாயி எழவில்லை. "போடுங்கண்ணா" என்றாள் என்னிடம். "அவரு சொல்றதும் இது சொல்றதும் ஒண்ணான்னு பாத்துப்போடலாம்."

போட்டேன். லாரி நின்றது, பதினோரு விநாடி போயிற்று, பத்தாவது எழுத்து இருந்த இடத்தில் வெள்ளை மெல்ல வடிந்து, அடியில் கிடந்த எண் மேலே வந்தது. எதிரே நின்ற லாரியின் எண்தான். ஏட்டையா கையிலிருந்த கடலையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை நாளா ஏனுங்க சொல்லல?" என்றாள் பாவாயி.

"ஒவ்வொரு எழுத்து வரப்பவும் இதோட நின்னுரும்னு நெனச்சேன் அம்மிணி. அப்பறம் நின்னுரக் கூடாதுன்னு நெனச்சேன். ரெண்டையும் நெனச்சுட்டே பத்து மாசம் ஓடிப்போச்சு."

"செரி. நின்னீங்களே. அப்ப என்ன நடந்துச்சு?"

வையாபுரி கடைக் கண்ணாடி மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். "இடது பக்கம் என்னமோ பட்டாப்பல இருந்துச்சு. பிரேக்கைப் போட்டுட்டேன். கண்ணாடியில பார்த்தேன், இருட்டு, ஒண்ணும் தெரியல. எறங்கிப் பாக்கலாம்னு கதவுல கை வெச்சனுங்க. வெச்சப்ப பின்னால பாடியில தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தட்டு."

கூட்டத்திலிருந்த டிரைவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். லாரியில் பின்னால் நிற்கிற கிளீனர் டிரைவரோடு பேசுவது கையால்தான். பாடியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம். ஹாரனும் இன்ஜினும் அலறுகிற இடத்தில் அது ஒன்றுதான் காதில் விழும். முப்பது வருடம் ஓட்டியவனுக்கு அது காதில்கூட விழ வேண்டியதில்லை, நேராகக் காலுக்குப் போய்விடும்.

"ரெண்டு தட்டு கேட்டதும் கால் போயிருச்சு அம்மிணி. நான் போகச் சொல்லல. கால் தானாப் போயிருச்சு. ரெண்டாங் கியர், மூணாங் கியர் போட்டு, டோல்கேட் தாண்டி, டீ குடிக்கலாம்னு ஓரங்கட்டிட்டு, கிளீனருக்கும் ஒரு டீ சொல்லலாம்னு திரும்பிப் பார்த்தனுங்க. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு, என் வண்டியில கிளீனரே இல்லைன்னு."

பைபாஸில் ஒரு வண்டி போய்க் கரைந்தது.

"அவரு தட்டியிருக்காரு" என்றாள் பாவாயி.

"ஆமா அம்மிணி."

"எப்படித் தட்டுனாரு? தட்டிக் காட்டுங்க."

வையாபுரி புரியாமல் பார்த்தார்.

"எப்படிக் கேட்டுச்சோ அப்படியே தட்டுங்க. கூட்டாம, கொறைக்காம."

வையாபுரி உள்ளங்கையைக் கண்ணாடி மேசையில் அடித்தார். அடித்துவிட்டு நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். நான் என்னையறியாமல் எண்ணினேன், நான்கு எண்ணி ஐந்தாவதுக்குப் போகும்போது இரண்டாவது அடி விழுந்தது, முதல் அடியைவிட மெதுவாக.

"இவ்வளவு நேரங் கழிச்சா?"

"இவ்வளவு நேரங் கழிச்சுத்தான்."

பாவாயி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த அடி இன்னும் அதன்மேல் கிடப்பதுபோல. "எங்க ஊட்டுக்காரரு போலாம்னு தட்டுனா சேத்துத்தாங்க தட்டுவாரு" என்றாள். "டக்குடக்குனு, மூச்சு விடறதுக்குள்ள. ஊட்டுல கதவைத் தட்டறதும் அப்படித்தான், நானு எத்தனையோ தடவ வஞ்சிருக்கறேன். இது ரெண்டு இல்லீங்க. இது ஒண்ணும் ஒண்ணும். மொதல்ல ஒருக்கா நிறுத்துன்னு தட்டியிருக்காரு. வலு சேத்துக்கிட்டு மறுக்காவும் நிறுத்துன்னு தட்டியிருக்காரு."

அது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. வலியில் துடிக்கிற கை எப்படி வேண்டுமானாலும் விழும், இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அந்தக் கையே வண்டியைப் போகச் சொல்லியும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தை நான் சொல்லவில்லை. வையாபுரிக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும், இத்தனை மாதமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது அவர் அதை விட்டுவிட்டதை முகத்தில் பார்த்தேன். "ஒண்ணும் ஒண்ணும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

ஏட்டையா தொண்டையைச் செருமினார். பாவாயி அவரைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க சாமி" என்றாள். பிறகு வையாபுரியிடம், "வண்டியில ஏறுங்க" என்றாள்.

அவர் ஏறினார். ஏன் என்று கேட்கவில்லை. இன்ஜினைப் போட்டார். பாவாயி ரோட்டைக் கடந்து லாரியின் பின்னால் போனாள், இடது பக்கமாக, பின்சக்கரத்துக்கு மேலே பாடியில் கை வைத்துச் சற்று நேரம் நின்றாள். பிறகு கையைத் தூக்கி ஒரு தட்டு தட்டினாள். தெரு முழுக்கக் கேட்டது. நாங்கள் அடுத்த தட்டுக்குக் காத்திருந்தோம். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தார்ப்பாய்க் கடைத் தெருவில் திரும்பி நடந்து போய்விட்டாள்.

வண்டி அங்கேயே நின்றது. சிறிது நேரத்தில் பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. லோகு ஓடிப்போய், "வண்டிய எடுங்கண்ணா, பஸ்ஸு நிக்குது" என்றான்.

"ஒரு தட்டுத்தானப்பா வந்திருக்குது" என்றார் வையாபுரி.

பஸ் சுற்றிக்கொண்டு போனது. சாயங்காலம் வரை எல்லா வண்டியும் சுற்றிக்கொண்டு போயின, மறுநாள் அந்தச் சுற்று வழியே ரோடாகிவிட்டது. மூன்றாம் நாள் டீசல் தீர்ந்து இன்ஜின் தானாக அடங்கியது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் மனைவி தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள், லோகு டீ கொடுத்தான். ஏட்டையா கைது செய்யலாம் என்று வந்து, இறங்காத ஆளை எப்படிக் கைது செய்வது என்று ஸ்டேஷனுக்குக் கேட்கப் போனார். நல்லுசாமிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் லாரிக்குப் பின்னால் போய் பாடியில் மெதுவாக இன்னொன்று தட்டினார், பாவாயி பாக்கி வைத்த இரண்டாவது தட்டுப்போல. வையாபுரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நல்லு, அது நீதானே?" என்றார். நல்லுசாமி திரும்பி வந்துவிட்டார்.

பாவாயி இப்போது என் கடைக்கு வருவதில்லை. வீடியோவைப் பார்க்க அவளுக்கு ஒன்றும் பாக்கியில்லை. ஒன்பதாம் நாள் நான் தார்ப்பாய்க் கடைக்குப் போனேன். வேண்டாத வேலை என்று தெரிந்துதான் போனேன். அவள் தரையில் விரித்த தார்ப்பாயின் நடுவில் உட்கார்ந்து, கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தட்டுவீங்க?" என்று கேட்டேன்.

ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"தெனமும் அந்த வழியாத்தாங்கண்ணா போறேன். அவருக்குக் கால் தானாப் போச்சுன்னு சொன்னாரில்லீங்களா. எனக்கும் கை தானா எந்திரிக்கோணும். இன்னும் எந்திரிக்கலீங்க."

சொல்லிவிட்டு நூலை ஊசிக் காதில் கோர்த்தாள்.